தீராத ரோல்

அந்தக் கேமராவுக்குள் ஃபிலிம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மூடி வைத்து ஆளை ஏமாற்றுவது என் மாமாவின் வேலை. எனக்கு அது வராது.

ராஜபாளையத்தில் அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. அவரை வீட்டில் தூங்குகிறவராகத்தான் எனக்கு அதிகம் தெரியும். அம்மா பேண்டேஜ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற மெல்லிய வெள்ளைத் துணி இருக்கிறதே, அதை வெட்டி, மடித்து, சுருட்டி, பாக்கெட்டில் போடுகிற இடம். நீளமான கொட்டகை. எவ்வளவு வெக்கையானாலும் ஃபேன் போட மாட்டார்கள். போட்டால் துணி பறக்கும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் அம்மா திரும்பி வரும்போது தலை, புருவம், மூக்கு நுனி எல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

அந்தக் கொட்டகையில் வேலை பார்க்கிறவர்களின் பெண்பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் லீவு நாட்களில் அம்மாவோடு போய் உட்கார்ந்து மடிப்பார்கள். அதை வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை" என்பார்கள். விசாரிக்க ஆபீசர் யாராவது வந்தால் அந்த ஒத்தாசை பின்வாசல் வழியாக ஓடிவிடும். என்னையும் அந்த வருஷம் கூட்டிக்கொண்டு போவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. இப்போதும் முடியாது. சோறு தின்னும்போதே எழுந்து வாசலுக்குப் போய் வருவேன். வகுப்பில் என்னை உட்கார வைக்க முடியாமல் டீச்சர் என்னைக் கரும்பலகை துடைக்கிற வேலைக்கு வைத்திருந்தார். அப்படிப்பட்டவளை நாள் முழுக்கத் தரையில் உட்காரவைத்துத் துணி மடிக்கச் சொன்னால்? எனக்கு அதை நினைத்தாலே கால் அரிக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமாவின் ஸ்டூடியோவுக்குப் போய்விடுவேன். மாமா அம்மாவின் தம்பி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அவர் ஸ்டூடியோ இருந்தது. சுவரில் அருவி வரைந்த ஒரு படுதா தொங்கும். அது குற்றாலம் என்பார். குற்றாலத்தில் வெள்ளை வாத்து நீந்தி நான் பார்த்ததில்லை. படம் எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும்போது புரட்டுவதற்காக ஒரு பெஞ்சில் வாரப் பத்திரிகைகள் கிடக்கும். அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகிற வரைக்கும் நான் அந்தப் பெஞ்சில்தான் கிடப்பேன். எழுத்தைப் படிக்கப் பொறுமை கிடையாது. படம்தான் பார்ப்பேன்.

அப்படிப் பார்க்கும்போதுதான் சில படங்கள் மட்டும் வேறு மாதிரி இருப்பது கண்ணில் பட்டது. மேடையில் ஒரு பெரிய அரசியல்வாதி வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற படம். கடலில் வலை இழுக்கிற பெண்களின் படம் ஒன்று. எடுத்த ஆளும் கழுத்தளவு தண்ணீருக்குள் நின்றிருக்க வேண்டும், அலை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஓரத்தில், பக்கவாட்டில், எறும்பு சைஸ் எழுத்தில் 'படம்' என்று போட்டு ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தேடுவீர்கள். ஒன்றும் கிடைக்காது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

"மாமா, இத எடுத்தது பொம்பளை."

"அது ஆம்பளைட்டி" என்றார் மாமா, தலையைத் தூக்காமல்.

"பேரு பொம்பளை பேரா இருக்கு."

"அட கிறுக்கு. பத்திரிகைல பொண்டாட்டி பேருல எழுதுறது வழக்கம்ட்டி. கதை எழுதுறவன்ல பாதிப் பேரு அப்படித்தான். இவனும் பொண்டாட்டி பேரப் போட்டுக்கிட்டான். இந்தக் கடலுக்குள்ள எறங்கி எந்தப் பொம்பளை நிப்பா?"

வலை இழுக்கிற பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கடலுக்குள்தான் நின்றார்கள். அதை நான் சொன்னேன்.  அவரோடு தினமும் இதே சண்டை. அவர் ஆம்பளை என்பார், நான் பொம்பளை என்பேன். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் மாமா அவர்களைத் திட்டுவார், படம் கெட்டுப்போகும் என்று.

ஒருநாள் புது இதழில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் படங்கள் வந்திருந்தன. ஒரு கட்டிலில் இரண்டிரண்டு பேர். ஒருத்தி சேலை விலகியது தெரியாமல் தூங்குகிறாள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே காலை நீட்டி, பக்கத்துக் கட்டில்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். ஓரத்தில் அதே பெயர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா வந்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சு. பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள்.

"இதையும் ஆம்பளைதான் எடுத்தான்னு மாமா சொல்லுதாரும்மா."

அம்மா மாமாவைப் பார்த்தாள். "ஏலே, ஒன் பொண்டாட்டிக்குப் பிள்ளை பொறந்தப்போ ஒன்னைய உள்ள விட்டாளுகளாடா?"

"அது எதுக்குக்கா இப்ப?"

"வாட்ச்மேன் மறிச்சுட்டான்னு வேப்ப மரத்தடியில முழிச்சுக்கிட்டு நின்னியே. ஒன்னைய மாதிரி ஒரு தடியன் கேமராவத் தூக்கிட்டு உள்ள வந்தா இவளுக இப்படியா படுத்திருப்பாளுக? சேலைய இழுத்து மூடியிருக்க மாட்டாளுக? இந்தா, இவ மொகத்தப் பாரு. கூடப் பொறந்தவகிட்டப் பேசுத மாதிரி இருக்கா. இது பொம்பளை எடுத்ததுதான்."

சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பெஞ்சில் போட்டாள். அவளுக்கு அது அத்தோடு முடிந்துபோன விஷயம். எனக்கு அப்போதுதான் தொடங்கியது. உடனே சொல்லிவிட்டேன், நானும் படம் எடுக்கப் போகிறேன், லீவுக்குக் கொட்டகைக்கு வர மாட்டேன், ஸ்டூடியோவுக்குத்தான் வருவேன் என்று.

"நீ படம் எடுக்கப் போறியா?" என்றார் மாமா. தோற்ற கடுப்பு அவருக்கு. "பாம்பும்தான் படமெடுக்குது. அதுக்கு ஒரு ஸ்டூடியோவ எழுதி வச்சிரலாமா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அழவில்லை. கத்தினேன். கீழே சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கடைசியில் மாமாவே ஒரு பந்தயம் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு அவர் படம் எடுக்கப் போகிறார். பள்ளிக்கூடம் லீவு. என்னையும் கூட்டிப்போவார், கையில் ஒரு கேமராவும் கொடுப்பார். நான் உருப்படியாக ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் லீவு நாளெல்லாம் ஸ்டூடியோவுக்கு வரலாம். எடுக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு அம்மாவோடு துணி மடிக்கப் போக வேண்டும்.

"நீயே சாட்சிக்கா" என்றார் அம்மாவிடம்.

"ஒரே ஒரு படம்தானே? எடுத்துருவா" என்றாள் அம்மா. அவளும் அதை நம்பித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

தேரன்று காலையில் மாமா தன் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு டார்க் ரூம் திரைக்குப் பின்னால் போனார். உள்ளே டக் டக்கென்று சத்தம். வெளியே வந்து என் கழுத்தில் மாட்டினார். கல்லைக் கட்டியதுபோலக் கனத்தது.

"ரோல் போட்டாச்சா மாமா?"

"போட்டாச்சு. இது சாதா ரோல் கெடையாது. நீள ரோலு. புதுசா வந்திருக்கு. முப்பத்தாறு படத்துல நிக்காது. தீரவே தீராது. நீ எம்புட்டு வேணா எடு."

அவருக்குச் சிரிப்பே வரவில்லை. பொய் சொல்வதென்றால் அப்படிச் சொல்ல வேண்டும். ஒரு சின்னப்பிள்ளைக்காக ஒரு ரோலை வீணாக்க அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் இன்னொரு நாள் கத்தியிருப்பேன். அதோடு போயிருக்கும். ஆனால் அவர் பந்தயமும் வைத்துவிட்டு, நான் ஜெயிக்கவே முடியாதபடி கேமராவையும் காலியாகக் கொடுத்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் பஸ் போக முடியவில்லை. வெளியிலேயே இறக்கிவிட்டுவிட்டார்கள். ரத வீதியில் தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. தேர் மலை மாதிரி நின்றது. வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே படம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். பலூன்காரர், யானை, யானையின் பின்பக்கம், மோர்ப் பந்தல், மாமா. லீவரைத் தள்ளு, கண்ணை வை, அமுக்கு. டப்பென்ற அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு வெறி ஏறியது.

"செத்த நேரம் சும்மா வாட்டி" என்றார் மாமா.

"தீராதுன்னு சொன்னீல?"

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

பத்திரிகைக்காரர்களுக்கென்று ஒரு கடை முன்னால் பலகை போட்டு உயரமாக மேடை மாதிரி கட்டியிருந்தார்கள். ஏழெட்டு ஆண்கள் ஏறி நின்றுகொண்டு தேரைப் பார்த்தே குறிவைத்திருந்தார்கள். மாமாவும் என்னை இழுத்துக்கொண்டு அதில் ஏறி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டார். அப்போதுதான் கீழே ஒரு போலீஸ்காரர் ஒரு பெண்ணை மறிப்பதைப் பார்த்தேன். சாயம் போன நீலச் சேலை. அதைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். காலில் ஆண்கள் போடுகிற கான்வாஸ் ஷூ. கழுத்தில் இரண்டு கேமரா.

"ஏம்மா, இங்கிட்டுப் பிரஸ்ஸுக்கு மட்டும்தான்."

"நான் பிரஸ்தான்."

"படம் எடுக்கிறவர் எங்க? உங்க வீட்டுக்காரரு?"

"அவர் வீட்டுல ரசம் வச்சுக்கிட்டிருக்கார். தள்ளுங்க" என்று பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

போலீஸ்காரர் அந்த அட்டையிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். அந்தப் பெயர்! நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவர் மேடையிலிருந்து விழப் பார்த்தார்.

"மாமா! பொம்பளை! பாரு, பொம்பளை!"

மாமா பார்த்தார். பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அந்தம்மா மேடையில் ஏறவில்லை. மேடையில் இருந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்துக்குள் புகுந்து, பெண்கள் பிடித்திருந்த வடத்துக்கு முன்னால் போய், தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஊரே தேரைப் பார்த்து நிற்கிறது. கை கூப்பி நிற்கிறது. இவர் ஒரு ஆள் மட்டும் திரும்பி நின்று, இழுக்கிறவர்களைப் பார்த்துப் படம் எடுக்கிறார். வடம் நகர்ந்தால் இவரும் பின்பக்கமாகவே நடக்கிறார். கால் எதிலும் இடறவில்லை.

"சாமிக்கு முதுகைக் காட்டுதா பாரு. வெளங்குமா?" என்றார் மாமா.

எனக்கு அது கெட்டுப்போகிற விஷயமாகத் தெரியவில்லை. அந்த நிமிஷம் வரை நானும் தேரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் அதையேதான் எடுக்கிறார்கள். நான் மாமாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். மாமா கத்திக்கொண்டே பின்னால் வந்தார். நான் அந்தம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று தேருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

அப்பாடா, என்ன முகங்கள்! தேரைப் பார்க்கும்போது இதெல்லாம் எங்கே இருந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தி. ஒருத்தி செருப்பு போய்விட்டது என்று தேடிக்கொண்டே இழுக்கிறாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல ஒருத்தி, தாலிக் கயிற்றின் மஞ்சள் வேர்வையில் கரைந்து ரவிக்கையெல்லாம் மஞ்சள். நான் அமுக்கி அமுக்கி எடுத்தேன். அப்போது வடத்தின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. வயசான கை. உள்ளங்கையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கொஞ்சம் முன்னால் இழுத்தபோது பட்ட காயமோ என்னவோ. புதுத் துணி. மடிப்பின் கோடுகூட இன்னும் போகவில்லை. அந்த மடிப்பு எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கொட்டகையில் அம்மாவும் மற்றவர்களும் மடிக்கிற மடிப்பு. அந்தக் கை வடத்தை இறுக்கிப் பிடித்தபோது துணியில் மெதுவாகச் சிவப்பு ஊறி வந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். டப். இதுதான் அந்த ஒரே படம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது சரியான படம்தான். அதற்கப்புறம் நான் எடுத்தவற்றில் அதைவிட நல்லதாக ஒன்றிரண்டுகூடத் தேறாது. அது எங்கேயும் இல்லை என்பது மட்டும்தான் அதிலிருக்கிற குறை.

தேர் ஒரு திருப்பத்தில் நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். அந்தம்மா ஒரு கடைப் படியில் உட்கார்ந்து ரோல் மாற்றினார். நான் எதிரில் போய் நின்றுகொண்டு அடுத்த படத்துக்கு லீவரைத் தள்ளினேன். மாமா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அந்தம்மா நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். பிறகு என் கேமராவின் இடது பக்க மூலையைப் பார்த்தார். "இன்னொரு தடவை தள்ளு" என்றார். நான் பொத்தானை அமுக்கிவிட்டு மறுபடி தள்ளினேன். அவர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை படம் ஆச்சு?"

"தெரியாது. நீள ரோலு. தீரவே தீராது."

"தீரவே தீராதா?"

"எங்க மாமா போட்டுக் குடுத்தாரு. ஸ்டூடியோ வச்சிருக்காரு." நான் மாமாவைக் கை காட்டினேன்.

அந்தம்மா மாமாவைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "இந்த ரோல் எங்க சார் கிடைக்குது? எங்க ஆபீசுல எனக்கு இப்படி ஒண்ணு தர மாட்டேங்குறாங்களே."

"மதுரைல... மேடம்" என்றார் மாமா.

"மதுரைல."

"ஆமா மேடம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள், எங்கள் மாமாவிடம் ரோல் எங்கே வாங்குவது என்று விசாரிக்கிறார். மாமா பெருமைப்படாமல் ஏன் தரையைப் பார்க்கிறார் என்றுதான் புரியவில்லை. வெட்கப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தம்மா பைக்குள் கைவிட்டு, கருப்பு டப்பாவில் இருந்த ஒரு புது ரோலை எடுத்தார். என்னிடம் நீட்டினார். "இதையும் வச்சுக்கோ. மாமாவை இப்பவே போட்டுத் தரச் சொல்லு."

மாமா கையை நீட்டிவிட்டார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"வாங்காத மாமா! நம்மகிட்ட இல்லாததா?" என்றேன். பிறகு அந்தம்மாவிடம், "வேண்டாம். எங்களுக்கு ஃபிலிமுக்கு ஒண்ணும் பஞ்சம் இல்ல. நீங்களே வச்சுக்கோங்க, உங்க ரோல்தான் தீர்ந்துபோகும்" என்றேன்.

 அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேளம் அடித்து, கட்டையை எடுத்து, வடம் இறுகிவிட்டது. அவர் எழுந்தார். "சரிதான். உன்கிட்ட தீராது. எடு" என்றார். போய்விட்டார். அந்த ரோல் அவர் கையிலேயே போனது.

திரும்பும்போது பஸ் ஏறுவதற்கு முன்னால் மாமா எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கழுவிப் பார்த்ததாகவும் வெளிச்சம் பட்டு எல்லாம் கறுத்துவிட்டதாகவும் மாமா சொன்னார். பின்மூடியைத் திறந்து பார்த்திருப்பேன் என்று என் மேலேயே பழியைப் போட்டார். நான் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஆனால் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு கொட்டகைக்குப் போனேன். மடித்தேன். எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். மடித்தேன். கையிலிருந்த ஒவ்வொரு துணியிலும் அந்தக் கைதான் தெரிந்தது. கறுத்துப்போன படத்தை நினைத்து நினைத்து, நான் எதற்கும் லாயக்கில்லை என்று முடிவு செய்தேன்.

சில வாரம் கழித்துப் பத்திரிகையில் அந்தத் தேர் வந்தது. இரண்டு பக்கம் நிறைய வடம் பிடித்த பெண்கள். என்னைத் தேடினேன். இல்லை. ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது. மாமாவின் கட்டம் போட்ட சட்டை. அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஸ்டூடியோக் கண்ணாடியில் ஒட்டினார். "அந்தம்மா நமக்குத் தெரிஞ்சவங்கதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆம்பளை என்று அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

உண்மை வெளியானது தை மாதம், எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில். மேடையில் மாமாதான் படம். தூரத்து உறவுகள் கூட்டம் கூட்டமாக ஏறி வந்து மாப்பிள்ளை பெண்ணோடு நின்றார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாமா "சிரிங்க, ரெடி" என்று ஃபிளாஷ் அடித்தார். நான் மேடையில் மாமாவின் முதுகுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். அங்கே நின்று பார்த்தால் மாமாவின் பையும், அதற்குள் பிரிக்காத ரோல்களும் தெரிந்தன. அவர் கையிலிருந்த கேமராவின் பின்மூடி வாயைத் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மூடி திறந்தபடியே அவர் "ரெடி" என்கிறார், ஃபிளாஷ் அடிக்கிறது, வந்தவர்கள் திருப்தியாக இறங்கிப் பந்திக்குப் போகிறார்கள்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நீள ரோல், தீராத ரோல், டார்க் ரூம் டக் டக், வெளிச்சம் பட்டது, எல்லாம்.

"மாமா கேமராவுல ஃபிலிம் இல்ல!" என்று மேடையிலிருந்தே கத்தினேன். எனக்குக் கத்த வரும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். "சும்மா வெளிச்சம்தான் அடிக்கிறாரு! உங்க யாரையும் எடுக்கல!"

பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். "ஏம்ப்பா, அப்ப நாங்க நின்னது?" "எங்களைப் பாத்தா மனுசரா தெரியலியா?" "மறுபடி எடு, எல்லாரையும் எடு!" அன்றைக்கு மாமா நிஜ ரோல் போட்டு, மொத்தச் சொந்தத்தையும் முதலிலிருந்து எடுத்தார். வேர்வை சொட்டச் சொட்ட எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ரோலும் போடுவதைக் கண்ணால் பார்த்துச் சரி சொன்னேன்.

அடுத்த லீவிலிருந்து நான் ஸ்டூடியோவுக்குப் போனேன். என்னைக் கூட வைத்துக்கொள்வதுதான் வாயை மூட ஒரே வழி என்று மாமா கண்டுபிடித்துவிட்டார். இப்போது அந்த ஸ்டூடியோ என்னுடையது. குற்றாலத்து வாத்து போய்விட்டது. கல்யாணம் எடுக்கிறேன். பேண்டேஜ் பாக்கெட்டுகளை விளம்பரத்துக்கு எடுக்கிறேன். மேடைக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தை எடுக்கிறேன் என்று என்மேல் எல்லாருக்கும் புகார் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பழைய கேமரா கிடைத்தது. எங்கேயோ மிச்சம் கிடந்த ஒரு ரோலைச் சும்மா போட்டுப் பார்த்தேன். மூடினேன். லீவரைத் தள்ளினேன். இடது பக்க மூலையில் இருக்கிற குமிழ் மெதுவாகத் திரும்பியது. ரோல் உள்ளே இருந்தால் அது ஒவ்வொரு தள்ளலுக்கும் சுற்றும். ரோல் இல்லையென்றால் சுற்றாது. கேமரா பிடித்த எவருக்கும் தெரிகிற விஷயம், எனக்கும் எப்போதோ தெரியும். ஆனால் அந்தக் கேமராவைக் கையில் வைத்து, அந்த மூலையைப் பார்த்தபோதுதான், "இன்னொரு தடவை தள்ளு" என்று சொன்ன குரல் காதில் கேட்டது.

அந்தம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். நான் அந்தம்மா நீட்டிய ரோலைத் தள்ளிவிட்டு, எங்களுக்குப் பஞ்சமில்லை என்று அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அந்தம்மாவின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், மாமாவின் முன்னால், அத்தனை பெருமையோடு நிற்கிற பிள்ளையிடம், தேர் நகர்கிற நேரத்தில் நான்தான் என்ன சொல்லியிருப்பேன்?

தேர் பார்த்த அன்று சாயங்காலம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஏதுட்டி?"

"மாமா வாங்கிக் குடுத்தாரு. நான் கேக்கவே இல்லம்மா. நல்லாப் படம் எடுத்தேன்ல, அதுக்கு."

அம்மா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள். அவர் தம்பியாகப் பிறந்த நாளிலிருந்து அவரை அவளுக்குத் தெரியும். "கேக்காமலேவா வாங்கிக் குடுத்த?" என்றாள். மாமா, "நேரமாச்சு, வாரேங்க்கா" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

அம்மா பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். தனக்கு வேண்டாம் என்றாள். அவள் பங்கையும் நானே தின்றேன்.